ஆபீஸ் ஆங்கிலத்தில் ‘ஹி’, ‘ஷி’, ‘தே’: ஆவணங்களைப் பொதுப்பாலுக்கு மாற்றும் வேலை உங்கள் தலையில் விழுந்தால்

வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன் உங்கள் பணியாளர் கையேடு, கொள்கை ஆவணங்கள், வேலை நியமனக் கடிதம் எல்லாம் ஆண், பெண் என்று பிரிக்காத பொதுப்பால் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், இந்தத் தேதிக்குள் அனுப்புங்கள் என்று. மேலாளர் அதன் மேல் ‘ஜென்டர் நியூட்ரல் பண்ணிடுங்க, சின்ன வேலைதான்’ என்று ஒரு வரி சேர்த்து உங்களுக்கு ஃபார்வர்டு செய்துவிட்டு லீவில் போய்விடுவார்.

சின்ன வேலை இல்லை. சென்னையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு பக்கம் கனடா வாடிக்கையாளரின் சரிபார்ப்புப் பட்டியல், இன்னொரு பக்கம் இந்தியத் தொழிலாளர் சட்டம் என்று இரண்டுக்கும் நடுவில் நான் இதைச் செய்து முடித்தேன். இணையத்தில் தேடினால் ஏன் மாற்ற வேண்டும் என்பதற்குக் கட்டுரைகள் கொட்டிக் கிடக்கின்றன. எந்த ஃபைலை முதலில் திறப்பது, எதைத் தொடக்கூடாது, எவ்வளவு நாள் கேட்டு வாங்குவது என்று சொல்ல ஆளில்லை. அதனால்தான் இது. எச்.ஆர்., டாக்குமென்டேஷன், கம்ப்ளையன்ஸ் பக்கம் புதிதாக வந்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. எந்த நடைக் கையேடு, எந்தப் பதிப்பு: முதலில் எழுத்தில் வாங்குங்கள்

ஒரே ஆளைக் குறிக்க ‘தே’ போடலாமா என்பதில் ஆங்கில நடைக் கையேடுகள் (எப்படி எழுத வேண்டும் என்று விதி சொல்லும் நூல்கள்) எல்லாம் ஒரே நாளில் ஒரே முடிவுக்கு வரவில்லை. செய்தியாளர்கள் பயன்படுத்தும் ஏ.பி. நடைக் கையேடு 2017-ல் தயங்கித் தயங்கி அனுமதித்தது: வாக்கியத்தை வேறு மாதிரி மாற்றவே முடியாவிட்டால் மட்டும் போடுங்கள் என்றது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் (ஏ.பி.ஏ.) கையேட்டின் 7-ஆம் பதிப்பு 2019-ல் வந்தது; அது தயக்கமே இல்லாமல் ஏற்றுக்கொண்டது. புத்தகப் பதிப்பாளர்கள் பயன்படுத்தும் சிகாகோ கையேட்டில்தான் கவனம் தேவை. 2017-ல் வந்த 17-ஆம் பதிப்பு, ஒருவர் தனக்கு ‘தே’ வேண்டும் என்று கேட்டால் அதை மதிக்கச் சொன்னது. ஆனால் ‘யாரோ ஒரு பணியாளர்’ என்ற பொதுப் பொருளில் முறையான எழுத்துக்கு அது வேண்டாம் என்றது. 2024-ல் வந்த 18-ஆம் பதிப்பு அதையும் ஏற்றுக்கொண்டுவிட்டது.

ஆகவே வாடிக்கையாளர் ‘சிகாகோ’ என்று மட்டும் சொன்னால் அங்கேயே நிறுத்தி, எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். பதில் மின்னஞ்சலாக இருக்கட்டும். வாய்மொழியாகச் சொன்னதை நம்பி வேலையை முடித்த பிறகு, அவர்கள் பக்கத்து எடிட்டர் ஒருவர் எல்லாத் ‘தே’யையும் சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினால் நியாயம் கேட்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

கூடவே இன்னும் இரண்டு கேள்வி. ‘ஹி ஆர் ஷி’ என்று இரண்டையும் எழுதினால் போதுமா, போதாதா? பெரும்பாலும் போதாது என்பார்கள். இரண்டிலும் சேராதவர்கள் வெளியே நிற்கிறார்கள் என்பது காரணம். அடுத்தது, ‘தெம்செல்வ்ஸ்’ஸா ‘தெம்செல்ஃப்’பா? முறையான ஆவணத்துக்கு முதலாவது பாதுகாப்பு. ஆனால் அவர்கள் இரண்டாவதைக் கேட்டால் அதுவும் இன்று அகராதியில் இருக்கிற சொல்தான்.

நாட்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். கனடாவில் பாலின அடையாளமும் வெளிப்பாடும் 2017 முதல் கூட்டரசின் மனித உரிமைச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட பண்புகள். அமெரிக்காவில் காற்று வேறு பக்கம் அடிக்கிறது: 2025 ஜனவரியில் கூட்டரசு ஊழியர்கள் மின்னஞ்சல் கையொப்பத்திலிருந்து பிரதிப்பெயர்களை (‘ஹி’, ‘ஷி’, ‘தே’ போன்ற சொற்களை) நீக்க வேண்டும் என்று உத்தரவு போனது. தனியார் நிறுவனங்களுக்கு அது பொருந்தாது. ஆனால் உங்கள் வாடிக்கையாளர் அந்த நாட்டு அரசின் ஒப்பந்ததாரர் என்றால் அவர்கள் எதிர்பார்ப்பு ஆறு மாதத்தில் தலைகீழாகலாம். ஒரு நாட்டு வாடிக்கையாளருக்குச் செய்ததை இன்னொருவருக்கு அப்படியே அனுப்பாதீர்கள்.

2. ஆவணங்களை மூன்று குவியலாகப் பிரியுங்கள்

ஒரு எழுத்தைக்கூடத் திருத்துவதற்கு முன் செய்ய வேண்டியது இது. எல்லா ஃபைலின் பெயரையும் ஒரு எக்செல் தாளில் போடுங்கள்.

முதல் குவியல், நிறுவனம் தானே மாற்றிக்கொள்ளக்கூடியவை: பணியாளர் கையேடு, பயணக் கொள்கை, நடத்தை விதி, நியமனக் கடித வார்ப்புரு, அனுபவச் சான்றிதழ் வார்ப்புரு, இன்டக்‌ஷன் ஸ்லைடுகள், வேலை விளம்பரங்கள். இவற்றில் தாராளமாகக் கை வைக்கலாம்.

இரண்டாவது, கையெழுத்தாகிவிட்டவை: வாடகை ஒப்பந்தம், விற்பனையாளர் ஒப்பந்தம், ஏற்கெனவே கொடுத்த நியமனக் கடிதங்கள். இவற்றைத் தொடவே கூடாது. ‘ஹிஸ்’ என்பதைத் ‘தெயர்’ என்று மாற்றுவதற்குக்கூட இரு தரப்பும் ஒப்புக்கொண்ட திருத்த ஆவணம் வேண்டும். அவ்வளவு பாடு தேவையில்லை. அடுத்த புதுப்பிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று பட்டியலில் குறித்து வையுங்கள். தொழிற்சாலை இருக்கிற நிறுவனம் என்றால், சான்றளிக்கப்பட்ட நிலையாணைகளும் (அதிகாரி சான்றளித்த வேலை விதிகள்) இந்தக் குவியல்தான். அவற்றை நிர்வாகம் தன்னிஷ்டத்துக்கு மாற்ற முடியாது, சான்றளிக்கும் அதிகாரி வழியாகத்தான் போக வேண்டும்.

மூன்றாவது குவியலில்தான் புதியவர்கள் அடிபடுகிறார்கள். சட்டமே பாலினத்தை நிபந்தனையாக வைத்திருக்கும் ஆவணங்கள் இவை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புக் கொள்கையை எடுத்துக்கொள்ளுங்கள், நம் ஊரில் ‘போஷ் பாலிசி’ என்பது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பது ‘அக்ரீவ்ட் உமன்’ என்று அது சொல்லும் பெண்ணை. புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழுவின் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். ‘உமன்’ என்று இருந்த இடத்திலெல்லாம் ‘பர்சன்’ போட்டுவிட்டால் அந்த நிபந்தனையே ஆவணத்திலிருந்து காணாமல் போகும். வாடிக்கையாளரின் பட்டியலில் டிக் விழும், இந்தியச் சட்டத்தில் ஓட்டை விழும். ஆண்களுக்கும் திருநருக்கும் நிறுவனம் அதே பாதுகாப்பைத் தர விரும்பினால், அது நல்ல விஷயம். தனிப் பகுதியாக எழுதுங்கள். சட்டப் பகுதி சட்டத்தின் சொல்லிலேயே இருக்கட்டும், அதில் ‘ஷி’யும் ‘ஹர்’ரும் இருந்துவிட்டுப் போகட்டும்.

மகப்பேறு விடுப்பும் இதேதான். 1961-ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கு 2017-ல் வந்த திருத்தமும் 26 வாரம் கொடுத்தது பெண்ணுக்கு; 2025 நவம்பரில் அவற்றின் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அப்படித்தான். அதை ‘பேரன்ட்’ என்று மாற்றினால், உங்கள் நிறுவனம் தந்தையருக்கும் 26 வாரம் தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டது என்று யாராவது வாதிடலாம். நிதித்துறைக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

‘வொர்க்மேன்’ என்ற சொல்லும் பொறிதான். பார்த்தவுடன் கை பரபரக்கும். ஆனால் 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் அது வரையறுக்கப்பட்ட சொல்லாக இருந்தது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த 2020-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு ‘வொர்க்கர்’ என்கிறது. நீங்கள் திருத்தும் பத்தி எந்தச் சட்டத்தைச் சுட்டுகிறதோ அந்தச் சட்டத்தின் சொல்லை வையுங்கள். பழைய சட்டத்தைச் சுட்டும் பத்தியே காலாவதியாகிவிட்டதா என்பது வழக்கறிஞர் பார்க்க வேண்டியது, உங்கள் வேலை இல்லை.

3. தேடுங்கள், ஆனால் ஒட்டுமொத்தமாக மாற்றாதீர்கள்

வேர்டில் ‘ரிப்ளேஸ் ஆல்’ என்ற பொத்தான் இருப்பதை இந்த வேலை முடியும்வரை மறந்துவிடுங்கள்.

‘ஹி’ என்பது ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து. ஆங்கிலத்தில் அதிகம் வரும் ‘தி’ என்ற சொல்லுக்குள்ளேயே அந்த இரண்டும் உட்கார்ந்திருக்கின்றன. ‘திஸ்’ஸுக்குள் ‘ஹிஸ்’ இருக்கிறது. ‘அதர்’, ‘வெதர்’, ‘டீச்சர்’ எல்லாவற்றின் வாலிலும் ‘ஹர்’ இருக்கிறது. ஒரே சொடுக்கில் ஆவணம் முழுக்கக் குப்பையாகிவிடும். ‘ஃபைண்ட் ஹோல் வேர்ட்ஸ் ஒன்லி’ என்ற பெட்டியில் டிக் செய்தால் இந்தச் சிக்கல் தீரும். ஆனால் அடுத்தது தீராது. ‘ஹர்’ ஒரே சொல்லானாலும் இரண்டு வேலை செய்கிறது. ‘அவரைக் கேளுங்கள்’ என்ற இடத்தில் வந்தால் அது ‘தெம்’ ஆக வேண்டும், ‘அவருடைய அட்டை’ என்ற இடத்தில் வந்தால் ‘தெயர்’ ஆக வேண்டும். ‘ஹிஸ்’ஸும் அப்படியே, ஓரிடத்தில் ‘தெயர்’, இன்னோரிடத்தில் ‘தெயர்ஸ்’. எந்த மென்பொருளையும் நம்பி இதை மொத்தமாக விடாதீர்கள். ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஃபைலை நகலெடுத்து, பழையதைப் படிக்க மட்டும் என்று பூட்டி வையுங்கள். நகலில் ‘டிராக் சேஞ்சஸ்’ போடுங்கள். பிறகு தேட வேண்டியவை: ஹி, ஷி, ஹிம், ஹர், ஹிஸ், ஹர்ஸ், ஹிம்செல்ஃப், ஹர்செல்ஃப், நடுவில் சாய்கோடு போட்ட ‘ஹி/ஷி’ வகைகள், ‘மேன்’, ‘மென்’ என்று முடியும் பதவிப் பெயர்கள், சர், மேடம், மிஸ்டர், மிஸஸ், மிஸ், ஹஸ்பண்ட், ஒய்ஃப், ஃபாதர், மதர். நம் ஊர்ப் படிவம் என்றால் எஸ்/ஓ, டி/ஓ, டபிள்யூ/ஓ மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பட்டியல்களில் அவை இருக்காது, நம் படிவங்களில் முதல் பக்கத்திலேயே இருக்கும்.

மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருந்தால் வேர்டிலேயே உதவி இருக்கிறது. ‘ஆப்ஷன்ஸ்’, ‘ப்ரூஃபிங்’, அங்கே எழுத்து நடை அமைப்புகளுக்குள் போனால் ‘இன்க்ளூசிவ்னெஸ்’ என்ற தலைப்பின் கீழ் பாலினம் பற்றிய பெட்டிகள் இருக்கும். டிக் செய்தால் சந்தேகச் சொற்களுக்குக் கீழே கோடு போட்டுக் காட்டும். கோடு இல்லை என்பதால் பிழை இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டெக்ஸ்ட் பாக்ஸ், தலைப்பு, அடிக்குறிப்பு, படமாக ஒட்டிய நிறுவன வரைபடம் ஆகியவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். ‘சேர்மன்’ அநேகமாக அந்தப் படத்துக்குள்தான் ஒளிந்திருப்பார்.

4. ‘தே’ கடைசி ஆயுதம்

புதியவர்கள் எல்லா ‘ஹி’யையும் ‘தே’ ஆக்குவதுதான் வேலை என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட வாக்கியங்களில் பிரதிப்பெயரே தேவையில்லை.

ஒரே வாக்கியத்தை வைத்துப் பார்ப்போம். ‘ஈச் எம்ப்ளாயீ மஸ்ட் வேர் ஹிஸ் ஐடி கார்டு.’ எல்லாக் கையேட்டிலும் இருக்கிற வாக்கியம்.

‘ஹிஸ்’ஸைத் தூக்கிவிட்டு ‘ஆன்’ போட்டுப் பாருங்கள்: ‘ஈச் எம்ப்ளாயீ மஸ்ட் வேர் ஆன் ஐடி கார்டு.’ அடுத்தவர் அட்டையை யார் மாட்டப்போகிறார்கள், பொருள் கெடவில்லை. பன்மையாக்கலாம்: ‘ஆல் எம்ப்ளாயீஸ் மஸ்ட் வேர் தெயர் ஐடி கார்ட்ஸ்.’ வாசகரிடமே பேசலாம்: ‘வேர் யுவர் ஐடி கார்டு.’ கையேட்டுக்கும் சுவரொட்டிக்கும் இந்த மூன்றாவதுதான் அழகு. குறைவான சொல், நேரான பேச்சு. ஒப்பந்தத்துக்கு அது ஒத்துவராது. இத்தனைக்கும் பிறகு மிஞ்சினால்தான் ‘ஈச் எம்ப்ளாயீ மஸ்ட் வேர் தெயர் ஐடி கார்டு’.

‘இஃப் ஆன் எம்ப்ளாயீ இஸ் ஆப்சென்ட், ஹி ஷல் இன்ஃபார்ம்’ என்று தொடங்கும் விதிகள் நிறைய வரும். அவற்றுக்கு ‘ஹூ’ போதும்: ‘ஆன் எம்ப்ளாயீ ஹூ இஸ் ஆப்சென்ட் ஷல் இன்ஃபார்ம்.’ பிரதிப்பெயர் தானாக விழுந்துவிடும்.

இங்கே இரண்டு குழி இருக்கிறது. ஒன்று, செயப்பாட்டு வினை. ‘ரிப்போர்ட் சமர்ப்பிக்கப்பட வேண்டும்’ என்ற மாதிரி மாற்றினால் பிரதிப்பெயர் போய்விடும், யார் சமர்ப்பிக்க வேண்டும் என்பதும் கூடவே போய்விடும். பொறுப்பைச் சொல்லும் விதிகளில் இதைச் செய்யாதீர்கள். இரண்டு, பன்மை. ஒரு பணியாளர் ஒரு வாரிசை நியமிக்கலாம் என்ற விதியைப் ‘பணியாளர்கள் ஒரு வாரிசை நியமிக்கலாம்’ என்று பன்மையாக்கினால், எல்லோரும் சேர்ந்து ஒருவரையா என்று கேட்க இடம் வரும். சலுகை, தொகை, எண்ணிக்கை வரும் விதிகளை ஒருமையிலேயே வைத்திருங்கள்.

5. ‘தே’ போட்டே ஆக வேண்டிய இடத்தில்

வினை எப்போதும் பன்மைக்குரியது. ஒரே ஆளானாலும் ‘தே ஆர்’, ‘தே ஹேவ்’. ‘தே இஸ்’ கிடையாது. ஆனால் பெயரைச் சொல்லும்போது ஒருமைதான்: ‘அலெக்ஸ் இஸ் ஆன் லீவ், தே ஆர் பேக் ஆன் மன்டே.’ ஒரே வரியில் இரண்டும் வருவது கண்ணை உறுத்தும், அதுதான் சரி.

இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. ‘மேடம் வந்தாங்க, அவங்க மீட்டிங்ல இருக்காங்க’ என்று ஒரே ஆளுக்குப் பலர்பால் வினை போட்டே நாம் நாள் முழுக்கப் பேசுகிறோம். எங்கே ‘அவங்க’ என்று சொல்வீர்களோ அங்கே ‘தே’ என்று நினைத்துக்கொள்ளுங்கள், வினை தானாகச் சரியாக விழும். என் குழுவில் புதிதாக வந்தவர்களுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்ததைவிட இது சீக்கிரம் பிடிபட்டது.

நல்ல வேளையாகக் கொள்கை ஆவணங்களில் ‘ஷல்’, ‘மஸ்ட்’, ‘மே’ நிறைய வருகின்றன. இவை ஒருமைக்கும் பன்மைக்கும் மாறாது. நீங்கள் கவனிக்க வேண்டியது நிகழ்கால வினைகளை மட்டும்: ‘ஹி சப்மிட்ஸ்’ என்பதில் கடைசி எஸ் போக வேண்டும். அதே வாக்கியத்தில் இன்னும் தள்ளி, ‘அண்ட்’ போட்டு இரண்டாவது வினை வந்திருக்கும். அங்கேயும் எஸ் போக வேண்டும். தப்புவது எப்போதும் அந்த இரண்டாவதுதான்.

ஒரே வாக்கியத்தில் இரண்டு பேர் வந்தால் ‘தே’ வேண்டாம். ‘தி மேனேஜர் ஷல் இன்ஃபார்ம் தி எம்ப்ளாயீ பிஃபோர் தே லீவ்.’ கிளம்புவது யார், மேலாளரா, பணியாளரா, இரண்டு பேருமா? பெயர்ச்சொல்லையே திரும்பப் போடுங்கள். படிக்கக் கொஞ்சம் கட்டையாக இருக்கும். ஒப்பந்தத்தில் கட்டையாக இருப்பது குற்றமில்லை.

‘ஆண்பால் சொல் பெண்பாலையும் உள்ளடக்கும்’ என்று ஒரு விதி பழைய ஆவணங்களின் முன்பக்கத்தில் இருக்கும். அதைக் காட்டி ‘இதுவே போதுமே’ என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். 1897-ஆம் ஆண்டுப் பொது வாசகங்கள் சட்டத்தின் 13-ஆம் பிரிவு கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது, சட்டப்படி செல்லுபடியாகும். ஆனால் வாடிக்கையாளர் கேட்பது சொற்களையே மாற்றச் சொல்லி. எனவே சொற்களை மாற்றுங்கள், அந்த விதியை மட்டும் அழித்துவிடாதீர்கள். நீங்கள் தொடாத இணைப்புகளில் இன்னும் ‘ஹி’ இருக்கும், அவற்றுக்கு அது வேண்டும்.

6. விளிப்பு, பட்டம், பதவி

இது சுலபமானது, சீக்கிரம் முடிந்துவிடும். ‘டியர் சர் ஆர் மேடம்’, நம் ஊர் ‘ரெஸ்பெக்டட் சர்’ இரண்டும் போய், பெறுநரின் பொறுப்பு வர வேண்டும்: ‘டியர் ஹைரிங் மேனேஜர்’, ‘டியர் அக்கவுண்ட்ஸ் டீம்’. பெயர் தெரிந்தால் முழுப் பெயரைப் போடுங்கள், முன்னால் ஒன்றும் வேண்டாம். ‘சேர்மன்’ ‘சேர்’ ஆகலாம் அல்லது ‘சேர்பர்சன்’, ‘சேல்ஸ்மேன்’ ‘சேல்ஸ் ரெப்ரசென்டேட்டிவ்’, ‘மேன்பவர்’ ‘ஸ்டாஃப்’, ‘மேன் அவர்ஸ்’ ‘வொர்க் அவர்ஸ்’. எஸ்/ஓ, டபிள்யூ/ஓ இருந்த இடத்தில் சி/ஓ போதும். தந்தை பெயர் கேட்டே ஆக வேண்டிய அரசுப் படிவங்களை மட்டும் அப்படியே விடுங்கள். ‘எம்எக்ஸ்’ என்று எழுதி ‘மிக்ஸ்’ என்று சொல்லும் பொதுப்பால் பட்டம் ஒன்று இருக்கிறது, பிரிட்டனில் வங்கிப் படிவங்களில்கூடப் பார்க்கலாம். ஒருவர் கேட்டால் போடுங்கள். தெரியாதவர்களுக்கெல்லாம் நீங்களாக அதைச் சூட்ட வேண்டாம்.

பெயரை வைத்து ஊகிக்காதீர்கள். ‘ஆன்ட்ரியா’ இத்தாலியில் ஆண், ‘ஷான்’ என்று உச்சரிக்கும் ‘ஜீன்’ பிரான்ஸில் ஆண். நம் கிருபாவுக்கும் மணிக்கும் அவர்கள் ‘மிஸ்டர்’ போடுவதா ‘மிஸ்’ போடுவதா என்று முழிப்பது போலத்தான் இதுவும்.

விசா அழைப்புக் கடிதத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். கனடா 2019 முதல் பாஸ்போர்ட்டில் எக்ஸ் என்ற பாலினக் குறியை அச்சிடுகிறது. வருகிறவர் பாஸ்போர்ட்டில் என்ன இருந்தாலும், கடிதத்தில் பிரதிப்பெயர் இல்லாமல் பெயரையும் ‘தி விசிட்டர்’ என்பதையும் மாற்றி மாற்றிப் போட்டே எழுதிவிடலாம். ஒரு பக்கக் கடிதம்தானே. பாலினக் குறி எழுதியாக வேண்டிய கட்டத்தில் பாஸ்போர்ட்டில் இருப்பதை அப்படியே எழுதுங்கள்.

7. மெயில் மெர்ஜுக்குள் ஒளிந்திருப்பது

ஆவணங்களை முடித்துவிட்டு நிம்மதியாக இருக்கும்போது, அடுத்த நியமனக் கடிதம் ‘மிஸ்’ என்று போகும். காரணம், பட்டியலிலிருந்து பெயர்களை எடுத்துக் கடிதங்களைத் தானாக நிரப்பும் மெயில் மெர்ஜ் வார்ப்புருவுக்குள் இருக்கும் நிபந்தனை. யாரோ எப்போதோ எழுதி வைத்தது: பாலினக் கட்டத்தில் ‘எம்’ (ஆண்) இருந்தால் ‘மிஸ்டர்’, ‘ஹிஸ்’, இல்லாவிட்டால் ‘மிஸ்’, ‘ஹர்’. சாதாரணமாகத் திறந்து படித்தால் இது கண்ணில் படாது, தேடினாலும் கிடைக்காது. ஆல்ட்டும் எஃப்9-உம் சேர்த்து அழுத்தினால் புலங்களின் உள்ளே இருப்பது வெளியே வரும்.

அந்த ‘இல்லாவிட்டால்’ என்பதைக் கவனியுங்கள். ‘எம்’ இல்லாத எல்லோரும் அதில் விழுகிறார்கள்: பெண்கள், திருநர், சொல்ல விரும்பாதவர்கள், எச்.ஆர். அவசரத்தில் காலியாக விட்ட ஆண்கள் உட்பட. ஒருவருக்கு வேலையில் சேரும் முதல் நாளே வரும் முதல் கடிதம் இது. நிபந்தனையை எடுத்துவிட்டு முழுப் பெயரையும் ‘யூ’வையும் வைத்தால் கடிதம் எல்லோருக்கும் பொருந்தும். அனுபவச் சான்றிதழில் ‘யூ’ போட முடியாது. அங்கே பெயரை இரண்டு முறை கூடுதலாகப் போட்டால் முடிந்தது.

எச்.ஆர். மென்பொருளில் இருக்கும் பாலினக் கட்டத்தை நீக்கிவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவுக்கு அது வேண்டும். அதைக் கடித விளிப்போடு இணைக்காமல் விட்டால் போதும். விளிப்புக்கும் பிரதிப்பெயருக்கும் தனிக் கட்டம் வையுங்கள், நிரப்புவது அவரவர் விருப்பம் என்று தெளிவாக எழுதுங்கள். கட்டாயமாக்குவதில் ஒரு ஆபத்து உண்டு: இன்னும் யாரிடமும் சொல்லாத ஒருவரைப் பொய் சொல்லவோ வெளிப்படவோ கட்டாயப்படுத்துகிறீர்கள்.

8. செலவும் காலமும்

கருவிகளுக்குச் செலவு இல்லை. மைக்ரோசாஃப்ட் 365 ஏற்கெனவே ஆபீஸில் இருக்கும். ஐ.நா. சபையின் பொதுப்பால் மொழி வழிகாட்டியும், பிரிட்டிஷ் நாடாளுமன்றச் சட்ட வரைவு அலுவலகத்தின் வழிகாட்டியும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒப்பந்த மொழியில் சிக்கிக்கொண்டால் இரண்டாவதைப் பாருங்கள், அவர்கள் சட்டம் எழுதியே பழகியவர்கள்.

காசு போகும் இடம் இரண்டு. வழக்கறிஞர் பார்வை: மூன்றாவது குவியலையும் நியமனக் கடித வார்ப்புருவையும் மட்டும் அனுப்புங்கள், முழுக் கையேட்டையும் அனுப்பினால் பக்கக் கணக்கில் பில் வரும். மாற்றிய பத்திகளை மட்டும் பழையது, புதியது என்று இரண்டு கட்டமாகப் போட்டுக் கொடுத்தால் அவர் நேரமும் குறையும், உங்கள் செலவும் குறையும். இன்னொன்று எச்.ஆர். மென்பொருள் விற்பனையாளர். வார்ப்புருவில் ஒரு சொல் மாற்றினாலும் ‘சேஞ்ச் ரிக்வெஸ்ட்’ என்று தனிக் கட்டணம் கேட்பார்கள். நாலு தடவையாக அனுப்பினால் நாலு கட்டணம். எல்லா வார்ப்புருவையும் திருத்தி முடித்து, வழக்கறிஞரும் சரி சொன்ன பிறகு, ஒரே கோரிக்கையாக அனுப்புங்கள்.

நாற்பது ஐம்பது பக்கக் கையேடு ஒன்றைத் தனியாளாக, வேறு வேலை இல்லாமல் திருத்த ஒரு வாரம் கேளுங்கள். வேறு வேலையும் இருந்தால் மூன்று வாரம். அதன்பின் வேறொருவர் படிக்க வேண்டும். திருத்தியவர் கண்ணுக்கு அந்த இரண்டாவது எஸ் தெரியவே தெரியாது. ‘தெயர்’, ‘தேர்’ குழப்பத்தையும் இரண்டாவதாகப் படிப்பவரிடமே விடுங்கள், எழுத்துப்பிழை திருத்தி இரண்டையும் சரியான சொல் என்று விட்டுவிடும். வழக்கறிஞருக்கும் விற்பனையாளருக்கும் சேர்த்து இன்னொரு மாதம். ஆக, வாடிக்கையாளர் கொடுத்த தேதிக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்க வேண்டும். சம்பள உயர்வுக் கடிதம் போகும் ஏப்ரலில் வார்ப்புருவில் கை வைக்காதீர்கள். பாதி பேருக்குப் பழைய கடிதம், பாதி பேருக்குப் புதியது என்று ஆகிவிடும்.

கையேட்டுக்குத் தமிழ்ப் பதிப்பும் உண்டென்றால், தமிழ்நாடு அரசு 2022-ல் அரசிதழில் வெளியிட்ட பால்புதுமையர் (எல்.ஜி.பி.டி.க்யூ.) சொற்பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய நோட்டீஸ் பலகைத் தமிழில் இருக்கிற சில சொற்கள் இன்று காதில் விழவே கூடாதவை.

9. ஆளோடு பேசும்போது

ஆவணம் முடிந்தது, இனி வீடியோ கால். ஜூமில் பெயருக்குப் பக்கத்தில் ‘ஷி/ஹர்’, ‘தே/தெம்’ என்று போட்டிருப்பார்கள். லிங்க்ட்இன்னிலும் அதற்கு இடம் உண்டு. மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் உங்கள் ஐ.டி. நிர்வாகி திறந்துவிட்டால்தான் வரும். அழைப்புக்கு முன் ஒரு நிமிடம் பார்த்து, பெயரும் பிரதிப்பெயரும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். போட்டிருந்தால் அதுதான் சொல், அதில் நம் அபிப்பிராயத்துக்கு வேலை இல்லை. ‘ஸீ’, ‘ஹிர்’ போன்று கேள்விப்படாததாக இருந்தாலும் அப்படியே. ஒன்றும் போடவில்லை என்றால் பெயரைச் சொல்லியே பேசிவிடலாம். முதல் சந்திப்பிலேயே ‘உங்கள் ப்ரோநவுன் என்ன’ என்று ஒருவரை மட்டும் குறிவைத்துக் கேட்காதீர்கள். உங்களுடையதைச் சொல்லி அறிமுகமானால் அவர்கள் விரும்பினால் சொல்வார்கள்.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசுகிறவர்களுக்கு வேகத்தில் ‘ஹி’, ‘ஷி’ மாறிப்போவது சகஜம். மனதில் ‘அவர்’ என்று இருக்கும், வாயில் ‘ஹி’ வந்துவிடும். மாறிவிட்டால் ‘சாரி, ஷி’ என்று திருத்திக்கொண்டு அதே வாக்கியத்தை முடியுங்கள். நீளமான மன்னிப்பு வேண்டாம். எதிரில் இருப்பவர் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியதாகிவிடும். தெரிந்தே திரும்பத் திரும்பச் செய்வதுதான் வம்பு. பிரிட்டிஷ் கொலம்பியா மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் 2021-ல் ஒரு உணவக வழக்கு வந்தது. ‘தே’ என்று அழைக்கச் சொன்ன ஊழியரை மேலாளர் ஒருவர் வேண்டுமென்றே வேறு விதமாக அழைத்துவந்தார். பிரச்சினை முற்றி ஊழியரின் வேலையும் போனது. தீர்ப்பாயம் 30,000 டாலர் இழப்பீடு விதித்தது.

மீட்டிங் குறிப்பு எழுதுகிறவர் நீங்கள் என்றால் அனுப்புமுன் ஒருமுறை பிரதிப்பெயர்களை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அழைப்பைத் தானாக எழுத்தாக்கித் தரும் மென்பொருள்கள் சுருக்கம் எழுதும்போது பெயரைப் பார்த்துத் தாங்களாகவே ‘ஹி’ போட்டுவிடுவதுண்டு, அந்தக் குறிப்பு போகிற இடம் வாடிக்கையாளரின் இன்பாக்ஸ்.